பாண்டிச்சேரியில் அக்காவும் நானும்



போன வாரம் நான் போட்ட ஒரே ஒரு படத்துக்கு இத்தனை விசாரிப்பு வரும் என்று நினைக்கவில்லை. மஞ்சள் சுவர், சாத்திய மரச் சன்னல், காகிதப்பூக் கொடி, அதன் கீழே மடியில் பையை வைத்துக்கொண்டு என் அக்கா. "சார், இது எந்த நாடு?" என்று 2006 பேட்ச் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான். "சித்தப்பா, அத்தையைக் கூட்டிக்கிட்டு பிரான்சுக்கே போயிட்டீங்களா?" என்று பெங்களூரிலிருந்து ஒரு போன். பிரான்ஸ் இல்லை, பாண்டிச்சேரி. அவிநாசியில் ராத்திரி பஸ் ஏறினால் சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக விடிவதற்குள் இறங்கிவிடலாம். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட மொத்தமாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள் இங்கேயும் பொறுத்துக்கொள்வீர்கள்.

அக்காவுக்கு இப்போது 73 வயது. என்னிடம் படித்தவர்கள் பலருக்கு அவளைத் தெரியாது. அவளோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். 1969-இல், 17 வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போனாள். அப்புறம் செக்கிங், அப்புறம் டேமேஜ் பார்க்கிற வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை வரை. நம்மூர்க் கணக்கில் அது ஒன்றரை ஷிப்ட். கப்பல் நேரம் நெருங்கினால் அதற்கு மேலும் ஓடும். நான் சிக்கண்ணா கல்லூரியில் படித்தது, பி.எட். முடித்தது எல்லாம் அந்தச் சனிக்கிழமைச் சம்பளக் கவரில்தான்.

கடலை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ராமேஸ்வரம், திருச்செந்தூர் டூர் பஸ்ஸில் போயிருக்கிறாள். "அதையெல்லாம் பாத்த கணக்குல சேக்க முடியாது தம்பி. முங்கி எந்திரிச்சு சேலையப் புழியறதுக்குள்ள பஸ்காரன் ஆரன் அடிச்சுட்டான். ஒரு தரம் சும்மா உக்காந்து பாக்கோணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பையன், அதாவது என் மருமகன், சின்னதாக ஒரு அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறான். இதைக் காதில் வாங்கி, எங்களைக் கேட்காமலே பாண்டிச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டு ஓட்டலில் சனிக்கிழமை ராத்திரிக்கு ரூம் போட்டுவிட்டான். வாடகையை எங்களிடம் சொல்லக் கூடாது என்று ஓட்டலிலும் சொல்லி வைத்திருந்தான் போலிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் பாவம், கையெழுத்து வாங்கின தாளில் தொகை பெரிய எழுத்தில் இருந்தது. 7,500 ரூபாய்.

அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எண் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்.

ஒன்றும் பேசவில்லை. ரூமுக்குள் போய் உயரமான கூரையையும், தேக்கு உத்தரத்தையும், நாலு பேர் படுக்கிற கட்டிலையும் பார்த்தாள். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு, "எனக்கு மொதல்ல வாரச் சம்பளம் பதினஞ்சு ரூவா. அப்ப இது எத்தனை வாரம் தம்பி?" என்றாள். 500 வாரம் என்றேன். "கிட்டத்தட்டப் பத்து வருசம்" என்று அவளே மிச்சக் கணக்கைப் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க எதைப் பார்த்தாலும் அந்த வாரக் கணக்குதான். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் காப்பி 180 ரூபாய். "பன்னண்டு வாரம்! அந்தக் காசுக்கு நாலு லிட்டர் பால் வாங்கித் தெருவுக்கே ஊத்தலாம்." நான் மட்டும் குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது. பாதியை அவள் குடித்தாள் என்பதை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.

ஆனால் ஊர் அழகு. அதை மறைக்க முடியாது. துமாஸ் வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று நேர்கோடாக ஓடும் தெருக்கள். மஞ்சளும் வெள்ளையுமாகச் சுவர்கள், மதிலுக்கு மேலே வழியும் பூங்கொடி, தெருப் பலகையில் தமிழும் பிரெஞ்சும். 30 வருஷத்துக்கு மேல் டூப்ளே பாடம் நடத்தினவன் நான். 1742 முதல் 1754 வரை கவர்னர், ஆம்பூர்ப் போர் 1749, கர்நாடகப் போர்கள் என்று கரும்பலகையில் வரைபடம் போட்டிருக்கிறேன். ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டூப்ளே காலத்து ஊர் இப்போது அங்கே இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கிடைத்த பிறகு 1765-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கட்டி எழுப்பியதும், அதற்கடுத்த நூற்றாண்டில் கட்டியதும்தான் இப்போது நாம் போட்டோ எடுக்கிற ஊர். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளை 1736-லிருந்து எழுதி வைத்த நாட்குறிப்பு மட்டும் இடியாமல் நிற்கிறது. அதைப் புரட்டினால் கப்பலும் துணியும், துணிக்கு முன்பணமும், நிறம் சரியில்லாத சரக்கும்தான் திரும்பத் திரும்ப வரும். நம்மூர் மெர்ச்சண்டைசர் யாராவது படித்தால் நேற்று நடந்தது போல இருக்கும்.

அக்கா பார்த்தது வேறு. "இத்தனை பெரிய ஊடு, எல்லாச் சன்னலும் சாத்தியே கெடக்குது. ஆளிருக்காங்களா, இல்லையா?" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி வீடுகள் ஓட்டல், கடை, அலுவலகம், ஆசிரமத்துக் கட்டடம். குடியிருக்கும் வீடு தேட வேண்டியிருக்கிறது. வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்குப் போன பிறகுதான் திண்ணையும் கோலமும் தண்ணீர்க் குடமும் வந்தன, அவளுக்கு மூச்சும் வந்தது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டைப் பார்த்தோம். 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் அவர் இந்த ஊரில்தான் இருந்தார்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. ஆயி என்பவளின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். மன்னர் ஒருவர் அவள் வீட்டு விளக்கொளியைப் பார்த்துக் கோயில் என்று கும்பிட்டுவிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளே தன் வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். அக்கா கேட்டுவிட்டு, "இங்க ஊட்டை இடிச்சுக் குளம் வெட்டியிருக்கா. நம்ம பக்கம் குளத்தை மூடி ஊடு கட்டறாங்க" என்றாள். அத்திக்கடவுத் தண்ணீருக்காகத் தலைமுறையாகக் காத்திருந்த ஊர்க்காரி வேறென்ன சொல்வாள்?

கடலுக்கு வருகிறேன். சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ரோடு முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்களுக்கு நடுவில் காந்தி சிலை, 1952 புயலில் போன பழைய துறைமுகப் பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில். ஆனால் அக்கா தேடியது மணல். பெரும்பகுதி கரையில் கருங்கல்லைத்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள். 1980-களில் தெற்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் போட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகர்ந்து வரும் மணல் அங்கே தடைபட்டது. வர வேண்டிய மணல் வராததால் இங்கே கரை கரைந்துபோயிற்று. 2018 வாக்கில் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே போய்க் கணுக்கால் வரை நின்றாள். குளிக்கத் தடை. பக்கத்தில் செல்ஃபி எடுத்த பெண்களின் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது என் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. பகலில் ஒரு நாகரிகமான துணிக்கடைக்குள் ஏசிக்காகப் போனோம். ஒரு டீ-சர்ட் 1,800 ரூபாய். அக்கா அதை எடுத்து, விலைச் சீட்டைக்கூடப் பார்க்காமல், உள்பக்கம் திருப்பினாள். கழுத்துப் பட்டி, தோள் தையல், அடி மடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். விற்பனைப் பையன் பயந்துபோனான். "நம்மூர்ச் சரக்குதான் தம்பி. ஓவர்லாக் நல்லாருக்குது. ஆனா இந்த எடத்துல நூலு விட்டிருக்குது, இதை நானா இருந்தா பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்" என்றாள். மறுநாள் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். ரோடு நெடுகத் துணிக் குவியல். அங்கே அதே மாதிரி ஒன்றை 150 ரூபாய்க்குப் பிடித்தாள். அதிலும் டேமேஜ் பார்த்துத்தான் வாங்கினாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1998 பேட்ச் மாணவி ஒருத்தி அந்த ஊரில் கல்யாணமாகி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். (பெயர் போட வேண்டாம் என்றாள். பேட்ச்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.) ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் மீன் குழம்பு. சைவம் சாப்பிடும் எனக்குத் தனியாக முருங்கைக்காய் சாம்பார். அவளுடைய மாமனார் ரோடியர் மில்லில் நூற்பில் வேலை பார்த்தவர். ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி. என்பார்கள். 1898-இல் தொடங்கிய மில். அக்கா பனியன் கம்பெனிக்காரி என்று தெரிந்ததும் அவர் சாப்பாட்டைவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் நூல் கவுன்ட் பேச ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அங்கே வேலையில்லை.

பேச்சு நடுவில் அக்கா, "உங்களுக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கூர்?" என்று கேட்டாள்.

"எட்டுதாம்மா. காலைல ஏழுக்கு ஏறினா மூணுக்கு இறங்கிடுவோம்."

"அது கணக்குக்கு. நெசமா எத்தனை?"

"நெசமாவே எட்டுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவர் சொல்வது நிஜமா என்று கேட்கிற பார்வை. அதற்கு எனக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நீங்களும் கேளுங்கள். நம் புத்தகத்தில் இது இருந்ததில்லை.

1930-களில் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள். பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை, அற்பக் கூலி, சங்கம் வைக்க உரிமை இல்லை. வ. சுப்பையா என்கிற இளைஞர், அப்போது 25 வயது, தொழிலாளர்களைத் திரட்டினார். 1936 ஜூலையில் வேலை நிறுத்தம். ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே கோடையில்தான் பிரான்சில் லெயோன் ப்ளூம் அரசு அந்த நாட்டுத் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்று சட்டம் கொண்டுவந்தது. அங்கே 40 மணி நேரம், இங்கே துப்பாக்கி. பாரிஸ் வரை கேள்வி எழுந்தது. 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை வந்தது, சங்க உரிமை வந்தது. ஆசியாவிலேயே எட்டு மணி நேரத்தை முதலில் வாங்கியவர்கள் நாங்கள்தான் என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

பெரியவர், "எங்க தாத்தா அந்தக் கூட்டத்துல இருந்தவர்" என்றார். அதற்கு மேல் அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு இந்தக் கதை வெறும் கதை இல்லை. 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் நடந்த வேலை நிறுத்தம் 127 நாள். அவளும் வெளியே நின்றாள். அப்போது எனக்கு வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் ஒரு சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பு. களியும் கீரையும்தான். இதையெல்லாம் அவள் பெரியவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அவள் கேட்டது எனக்கு மறக்காது. "மூணு மணிக்கே உட்டுட்டா, மிச்ச நேரத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன பண்றது? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவேன். சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போவேன். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

கடலூர் சாலையில் ரயில்வே கேட்டை ஒட்டி மில் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். ஆட்டோவில் போனோம். பூட்டிய கேட், உள்ளே மரமும் புதரும். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் மில்லுக்குப் பலத்த சேதம். அப்புறம் வருஷக்கணக்கில் லே-ஆஃப். 2020-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். சுற்றுலாப் பயணி யாரும் அங்கே நிற்கவில்லை. பெரியவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்டடத்தில் நூற்பு, எதில் நெசவு, சங்கு எங்கே இருந்தது என்று காட்டினார். சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரி பண்ணுமாம்.

வரலாறு படித்தவன் என்கிற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரை அழகாக்கிக் காட்டுவதற்கு எவ்வளவோ செய்கிறார்கள். பழைய வீடுகளுக்குப் பலகை உண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்க் கதை சொல்ல ஆள் உண்டு. ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்து நீலச் சாயத் துணி, கினி துணி என்பார்கள், செனகலுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அங்கே அதைப் பணம் போலவே கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அந்த அழகான வீடுகளில் துணிக் காசு நிறைய இருக்கிறது. நெய்தவர்களும் சாயம் போட்டவர்களும் சங்கு கேட்டு ஓடினவர்களும் மட்டும் அந்தக் கதையில் காணோம். 7,500 ரூபாய் ரூமின் மேசையில் ஊரைப் பற்றி வழவழப்பான ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். முழுக்கப் புரட்டினேன். மில் என்ற சொல்லே அதில் இல்லை. நொய்யலையும், 2011-இல் சாயப்பட்டறைகளை மூடின நாட்களையும் பார்த்த நமக்கு, நாளைக்கு நம்மூரைப் பற்றி யாராவது அப்படி ஒரு புத்தகம் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி பஸ் பத்தரைக்கு. ஐந்தரைக்கே திரும்பக் கடற்கரைக்கு வந்துவிட்டோம். முந்தின நாள் மாதிரி அக்கா வாரக் கணக்குப் போடவில்லை. கட்டைச் சுவரில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். எதிரே மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்த ஒருவர், சுண்டல் வாங்கிப் பங்கு போடும் பெண்கள், சட்டைப் பையில் அடையாள அட்டையோடு வேலை விட்டு நேராக வந்தவர்கள். அவள் கடலை அதிகம் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு, "டிபன் சாப்பிடலாமா?" என்றேன். "இரு" என்றாள். எட்டரைக்கு மறுபடி கேட்டேன். மணி என்ன என்றாள். சொன்னேன். "இப்பத்தான் நாங்க வெளிய வருவோம்" என்றாள். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. ஒன்பதே கால் வரை அங்கேயே இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், வாடகை ஏறிவிடுகிறது. வாய்க்காலுக்கு மேற்கே தங்கினால் பாதிக் காசு, கடற்கரைக்கு நடந்தே வந்துவிடலாம். சண்டே மார்க்கெட் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை வேறு வழியில்லை. மில் கேட் படத்தையும், டீ-சர்ட்டை அக்கா உள்பக்கம் திருப்பிப் பார்க்கும் படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். 150 ரூபாய் டீ-சர்ட் பேரனுக்குக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. துவைத்தால் சுருங்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.